தாமதமே இல்லாத கோட்டம்

என் வீட்டுச் சுவரில் ஒரு கேடயம் தொங்குவதாக நம்பிக்கொண்டு ஒரு தம்பி போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். கல்வி நிர்வாகத்துக்குப் புதிதாக எடுபட்டவர். இஸ்திரி போட்ட சட்டை குரலிலேயே தெரிந்தது.

"மேடம், ஒங்க கோட்டத்துல ஒரு வருசம் தாமத வரவு பூச்சியம்னு கேடயம் வாங்கியிருக்கீங்களாமே. அது எப்படின்னு நாலு பக்கம் எழுதித் தாங்க. எங்க பயிற்சி மலர்ல போடுறோம்."

"இப்ப எப்படி நடக்குது தம்பி?"

"இப்ப ரொம்ப லேசு மேடம். காலைல ஏழே முக்காலுக்குள்ள ஒவ்வொரு ஸ்கூல் அதிபரும் வரவு விவரத்தப் போன்ல அனுப்பிடணும். அதுக்கு மேல போன் வாங்காது."

"போன் வாங்காது சரி. அதுக்குப் பிறகு வர்ற புள்ளய யாரு வாங்குறது?"

"அது... வராதவங்க கணக்குல போயிரும் மேடம்."

எழுதித் தருகிறேன் என்றேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு. கேட்ட வாய்க்குப் பதில் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழுந்து பறித்த அம்மாவுக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்த அப்பாவுக்கும் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை முடித்த கையோடு தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை ஆனேன். தொண்டர் என்றால் வேலை உண்டு, சம்பளம் உண்டா என்று கேட்கக்கூடாது என்று அர்த்தம். பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருடம் அட்டை வெட்டினோம், படம் ஒட்டினோம். அங்கே அதற்கு மேல் நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. பட்டப்படிப்பை வீட்டில் இருந்தே படித்தேன். சிங்களத்தைப் பதுளை பஸ்ஸில் கற்றேன். ஆங்கிலத்தை அரசாங்கச் சுற்றுநிருபம் வாசித்துக் கற்றேன். அதனால் என் ஆங்கிலத்தில் இன்றைக்கும் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாகவே செய்யப்படும். பிறகு ஒரு பரீட்சை, ஒரு நேர்முகம், அப்படியே கோட்டக் கல்விப் பணிப்பாளர். முப்பது நாற்பது பாடசாலைகளுக்கு மேல் ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்கு மேல் வலயப் பணிப்பாளர்.

எந்த வலயம் என்று கேட்காதீர்கள். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மனிதர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. திட்டியிருந்தால்கூட மனதுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாதாந்தக் கூட்டத்துக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் தம்மைப் பார்க்கும்படி மேசையில் வைப்பார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீரை மூடியில் ஊற்றி ஒரு மிடறு குடிப்பார். தேயிலை நாட்டில் பிறந்து வளர்ந்து தேநீர் குடிக்காத ஒரே மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன். பிறகு பச்சை மைப் பேனாவைத் திறப்பார். அதிபர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் எண்களைச் சொல்ல வேண்டும். "சார், எங்க பக்கம் பாலம் உடைஞ்சதால..." என்று யாராவது ஆரம்பித்தால் ஒரு விரல் மேலே போகும்.

"எண்ணை மட்டும் சொல்லுங்கள்."

எண் பிடிக்காவிட்டால் அதைச் சுற்றிப் பச்சையில் ஒரு வட்டம். வட்டம் வாங்கிய அதிபர் திங்கட்கிழமை வலயத்துக்குப் போய் விளக்கம் கொடுக்க வேண்டும். விளக்கத்தை அவர் வாசிக்க மாட்டார், கோப்பில் போட்டுக்கொள்வார். ஐம்பது வயது அதிபர்கள் அந்த வட்டத்துக்கு நடுங்கியதைப் போலப் பிசாசுக்குக்கூட நடுங்கியிருக்க மாட்டார்கள். "வட்டத்துக்குள்ள போயிட்டு வந்தேன்" என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வார்கள், ஏதோ சிறைக்குப் போய் வந்த மாதிரி. அநியாயம் சொல்லக்கூடாது: என் கோட்டத்துக்கு இரண்டு கணித ஆசிரியர்களைப் போராடி எடுத்துத் தந்தவரும் அவர்தான். எண்ணால் கேட்டால் தருவார். வாயால் கேட்டால் காது கேட்காது.

அந்த வருடம் அவர் கையில் எடுத்தது தாமத வரவு. பாடசாலை தொடங்குவது ஏழரைக்கு. அதற்குப் பிறகு வரும் பிள்ளைகளின் பெயர்கள் தாமதப் பதிவேட்டில் ஏறும். என் கோட்டத்தில் அந்தப் பதிவேடு திருவிழாக் கூட்டம் மாதிரி நிரம்பி வழிந்தது. வட்டத்துக்கு மேல் வட்டம். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி, நான் மத்தளம்.

அப்போது என் மூளையில் ஒரு யோசனை உதித்தது. வேறு யார் மூளையிலும் இல்லை, என் மூளையில். அதைத்தான் இந்தத் தம்பி கேட்கிறார். எழுதிக்கொள்ளுங்கள் தம்பி.

ஏழே முக்காலுக்குக் கேட்டைப் பூட்டிவிட வேண்டும்.

அவ்வளவுதான். பூட்டிய கேட்டுக்குள் யாரும் பிந்தி வர முடியாது. பிந்தி வர முடியாவிட்டால் தாமதப் பதிவேட்டில் எழுத ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் பூச்சியம். திரும்பிப் போகும் பிள்ளைகள் 'வராதோர்' பகுதிக்குப் போய்விடுவார்கள். அதைப் பார்ப்பது வேறு மேசை, வேறு அதிகாரி, அடுத்த வருடத் தலைப்பு. எல்லாக் கோட்டத்திலும் ஐந்து, பத்து என்று வந்த இடத்தில் நான் எழுந்து "பூச்சியம் சார்" என்றேன். பணிப்பாளர் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு கைதட்டினார். கேடயம் வந்தது. நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் வாங்கினேன். ஓட்டை வாளியில் தண்ணீர் ஒழுகுதென்றால் ஓட்டையை அடைக்காமல் வாளியைக் கவிழ்த்து வைத்தவளுக்குக் கேடயம்.

இதில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தேன். அதிகாரி என்றால் பதிவேடு இல்லாமல் தூக்கம் வருமா? கேட்டில் திருப்பி அனுப்பும் பிள்ளைகளின் பெயரையும் நேரத்தையும் காவலாளி ஒரு கொப்பியில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

அடுத்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் பிரிவான மேற்கணக்கிலிருந்து ஒரு தாயும் மகளும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தாய் பெயர் ராஜலெட்சுமி, கொழுந்துக்காரி. மகள் தர்ஷினி, உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறவள். அந்தக் கணக்கில் அதுவரை யாரும் உயிரியல் படித்ததில்லை. கையில் அதிபரின் கடிதம். வரவு எண்பது வீதத்துக்குக் குறைவு, ஆகவே பாடசாலைப் பரீட்சார்த்தியாக விண்ணப்பத்தில் கையொப்பமிட இயலாது என்று இருந்தது. வெளியிலிருந்து தனியாக விண்ணப்பிக்கலாம்தான். அதற்கான நாள் முடிந்துவிட்டது. ஒரு வருடம் போச்சு. ஒரு வருடம் தோட்டத்து லய வீட்டில் இருக்கிற பெண்பிள்ளையை அடுத்த வருடம் நீங்கள் கொழும்பில் ஏதாவது தையல் ஆலை வாசலில்தான் தேட வேண்டும்.

"ஏன் புள்ள, ஸ்கூலுக்கு ஒழுங்கா வந்தா என்ன?" என்று கேட்டேன். என் வாயைப் பாருங்கள்.

அந்தப் பிள்ளை தரையைப் பார்த்தது. தாய் என்னைப் பார்த்தார். "வந்தா டீச்சரம்மா. தெனமும் வந்தா. நீங்கதான் உள்ள விடல."

எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் அப்போது காட்டியிருக்க மாட்டேன். நம் நாட்டில் எல்லாக் கதவுக்கும் ஒரு சாவி இருக்கிறது, மெடிக்கல், அதாவது டொக்டர் சான்றிதழ். கல்யாணத்துக்குப் போனாலும் மெடிக்கல், அரசாங்கக் கச்சேரியில் வேலை இருந்தாலும் மெடிக்கல். எத்தனையோ ஆசிரியர்களின் பொய் வயிற்றுவலிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே குரலைத் தாழ்த்தி, பெரிய உதவி செய்கிற மாதிரிச் சொன்னேன்.

"ஒரு டொக்டர்கிட்ட மெடிக்கல் எடுத்துட்டு வாங்க. மஞ்சக் காமாலன்னு எழுதச் சொல்லுங்க, நாள் கூடக் கெடைக்கும். பெரிய சார்கிட்ட நான் பேசி அனுமதி எடுத்துத் தாறேன்."

ராஜலெட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எம் புள்ளைக்கு ஒரு சீக்கும் இல்லீங்க. சீக்கு ஒங்க கேட்டுக்குத்தான். அதுக்கு மெடிக்கல் எடுங்க."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பிள்ளையின் கை நின்றுவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதிகாரிக்குக் கோபம் வந்தால் உண்மை பக்கத்தில் எங்கோ நிற்கிறது என்று அர்த்தம். இதை மட்டும் மலரில் போடுங்கள் தம்பி.

"அப்படி என்னதான் வேல காலைல? நான் வந்து பாக்கவா?"

"வாங்க. ஆறு மணிக்கெல்லாம் வந்துருங்க. பிந்தினா நாங்க இருக்க மாட்டோம்."

வீம்புக்குப் போனேன். வியாழக்கிழமை ஆறு மணிக்கு மேற்கணக்கு லயத்து வாசலில் நின்றேன். ராஜலெட்சுமி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆறே காலுக்குப் பெரட்டுக் களத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கேதான் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுப்பார்கள். பிந்தினால் அரைப் பேர், அதாவது அரை நாள் வேலைதான் பதிவாகும். புருஷன் முதுகு உடைந்து படுத்திருக்கிறவர். ஆகவே தர்ஷினி இரண்டு வயதுத் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு நடந்தாள். நானும் நடந்தேன். தொழிலாளிகளின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. கதவு பூட்டியிருந்தது.

"ஆயம்மா எப்ப வருவாங்க?"

"அவங்களும் பெரட்டுல பேர் குடுத்துட்டுத்தான் மேடம் வருவாங்க. ஏழு மணி ஆகும்."

வாசல் கட்டில் உட்கார்ந்தோம். பிள்ளை மடியில் தங்கச்சி, தங்கச்சியின் முதுகில் விலங்கியல் குறிப்புப் புத்தகம். இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவளைப் போல இன்னும் மூன்று பெண்பிள்ளைகள், ஆளுக்கொரு கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி மற்றவளிடம் மெதுவாக, "இவங்களும் புள்ளய விட வந்தாங்களா?" என்றாள். சிரிப்பு அடங்க நேரம் ஆனது.

ஏழு மணிக்கு ஆயம்மா வந்து கதவைத் திறந்தார். குழந்தையைக் கொடுத்துவிட்டு ஓட்டம். குறுக்குப் பாதையில் இறங்க எனக்கு மூச்சு வாங்கியது. மெயின் ரோட்டுக்கு வந்தால் எல்ல ஊரிலிருந்து பதுளைக்குப் போகிற பஸ் வந்தது. பாடசாலைப் பிள்ளைகள் கை காட்டினோம், ஆமாம், நானும்தான். நிற்காமல் போய், நூறு மீற்றர் தள்ளி நின்றது. முதுகில் மூட்டையோடு இரண்டு சுற்றுலாக்காரர் ஏறினார்கள். நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் பஸ் போய்விட்டது. பாடசாலை வெள்ளைச் சட்டைக்கு நிற்காத பஸ் வெள்ளைக்காரனுக்கு நிற்கும். இது அந்த வீதியில் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பாடம், பாடத்திட்டத்தில் மட்டும் இல்லை. மிச்சத்தை நடந்தோம்.

பாடசாலைக் கேட்டுக்கு வந்தபோது மணி ஏழு ஐம்பத்திரண்டு. பூட்டு.

காவலாளி சின்னையா அண்ணன் உள்ளே ஸ்டூலில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். பூட்டைத் தொடவில்லை.

"சின்னையாண்ணே, தொறங்க."

"சாவி அதிபர் ஐயாகிட்ட மேடம். ஏழே முக்காலுக்கு வாங்கிக்கிட்டுப் போயிருவாரு. ஒங்க உத்தரவுதானே."

"நான்தானே சொல்றேன் இப்ப?"

"நீங்கதானே அப்பவும் சொன்னீங்க." கொப்பியை விரித்தார். தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க. பேர எழுதணுமுங்க மேடம்."

எழுதினார். தர்ஷினியின் பெயருக்குக் கீழே என் பெயர், பதவி, நேரம். ஒரு எழுத்துப் பிழை இல்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். வெட்கத்துக்குக் கேடயம் கொடுத்தால் அன்றைக்கு எனக்குத்தான். கம்பிக்கு இடையால் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கி, நின்ற நிலையிலேயே பின்னோக்கிப் புரட்டினேன். தர்ஷினி, தர்ஷினி, தர்ஷினி. ஏழு ஐம்பது, ஏழு ஐம்பத்தைந்து, ஏழு நாற்பத்தெட்டு. மூன்று நிமிடம் பிந்தியதற்கு ஒரு நாள் முழுக்க இதயமும் இல்லை, ஈரலும் இல்லை. அந்த நாட்களைக் கூட்டினால் அவள் வரவு எண்பதைத் தாண்டிவிடும். அவளைப் போல உயர்தரத்தில் ஆணும் பெண்ணுமாக இன்னும் மூன்று பேர் அதே கொப்பியில் இருந்தார்கள்.

கொப்பியோடு வலயத்துக்குப் போனேன். பணிப்பாளர் கடிகாரத்தைக் கழற்றினார், சுடுதண்ணீர் ஊற்றினார். நான் பெரட்டிலிருந்து ஆரம்பித்தேன். விரல் மேலே போனது.

"எண்ணை மட்டும் சொல்லுங்கள்."

"நாலு சார். பரீட்சைக்குப் போக வேண்டிய நாலு பிள்ளைகளை நான் கேட்டில் நிறுத்தியிருக்கிறேன்."

கொப்பியை ஒரு பக்கம் புரட்டினார். என் பெயர் இருந்த பக்கம் தானாகவே திறந்துகொண்டது. வாசித்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"மருத்துவச் சான்றிதழ் ஒன்று வாங்கிக் கோப்பில் போடுங்கள். அந்தப் பெண்ணுக்கு நான் அனுமதி தருகிறேன்."

"மற்ற மூன்று பேர், சார்?"

"ஒருத்தி என்றால் உதவி. நாலு பேர் என்றால் அது கொள்கை." பேனாவை மூடினார். "பதிவேட்டைத் திருத்தினால் தாமத வரவு பூச்சியம் இல்லை என்று ஆகிவிடும். போன வருடத்து அறிக்கை மேலே போய்விட்டது. உங்களுக்கு ஓய்வுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது?"

மிரட்டினார் என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே அக்கறையாகக் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

அன்று மாலை நானே கடிதம் எழுதினேன். தமிழில். செய்தவள் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா. 'நான் கேட்டைப் பூட்டச் சொன்னேன். இந்தப் பிள்ளைகள் இந்த நாட்களில் பாடசாலைக்கு வந்தார்கள். நான் உள்ளே விடவில்லை. இவற்றை வந்த நாட்களாகக் கொள்ள வேண்டும். கோட்டத்தின் தாமத வரவு பூச்சியம் என்பது பொய்.' கொப்பியின் பிரதியை இணைத்தேன். அதிபர் கையெழுத்துக்கு நடுங்கினார்; அவர் இடத்திலும் நானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் வந்துவிட்டால் அதை மறுக்கவும் எழுத்து வேண்டும். மறுத்து எழுத எங்கள் அலுவலகங்களில் எவருக்கும் துணிவு கிடையாது. விண்ணப்பங்கள் போய்விட்டன.

நாலு பேருக்கும் அனுமதி. ஆனால் பரீட்சை எழுதியது இரண்டு பேர். மற்ற இருவரைத் தேடிப் போனேன். ஒரு பையன் கொழும்பில் புடவைக் கடைக்குப் போய் இரண்டு மாதம். ஒரு பெண்பிள்ளை தையல் ஆலைக்கு. அவளுடைய அப்பா, "இப்ப அங்க செட்டாயிருச்சுங்க மேடம், இனிக் கூப்பிட்டா வேலையும் போயிரும்" என்றார். தும்பை விட்டு வாலைப் பிடித்தவளுக்கு வால் பாதிதான் கிடைக்கும்.

கேடயத்தை வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்கும் ஒரு படிவம், மூன்று பிரதி. என்னை வலயத்தில் திட்டமிடல் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே திட்டமும் இல்லை, மேசையும் இல்லை. அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. ஓய்வு வரைக்கும் அதில் இருந்தேன். ஒரே ஒரு வேலை உருப்படியாகச் செய்தேன்: தோட்டத்து மேனேஜர் துரையைப் போய்ப் பார்த்து, ஆயம்மாவைப் பெரட்டுக்கு வரச் சொல்லாமல் ஆறரைக்கே பிள்ளைக் காம்பராவைத் திறக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். இளம் மனிதர். "இத யாரும் எங்ககிட்டக் கேக்கலையே?" என்று ஆச்சரியப்பட்டார். கொழும்புக்கு எழுதுகிறேன் என்றார், எழுதவும் செய்தார். பதில் பரீட்சை முடிந்த பிறகு வந்தது, சரி என்று. எத்தனை சுற்றுநிருபம், எத்தனை கருத்தரங்கு, எத்தனை வண்ண விளக்கப்படம்! கல்வி மேம்பாட்டின் சாவி ஒரு ஆயம்மாவின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பூட்டு.

இப்போது அந்தப் பூட்டைப் போனுக்குள் வைத்திருக்கிறார்கள். என் பூட்டாவது பரவாயில்லை, பிள்ளை வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்னையா அண்ணன் முகத்தைப் பார்த்துப் பெயர் எழுதினார். போனுக்குள் யார் வந்து நின்றார்கள் என்று எந்தக் கொப்பியில் பார்ப்பீர்கள் தம்பி?

தர்ஷினி மூன்று பாடத்திலும் சித்தியடைந்துவிட்டாள். செய்தி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, பதுளையில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு மேற்கணக்குக்கு ஏறினேன். ராஜலெட்சுமி சாயத் தேநீர் கலந்து கொடுத்தார். நான் அந்தக் கடிதம் எழுதிய கதையை ஆரம்பித்தேன். கேடயம் போனது, மேசை போனது, அலுமாரிப் பக்கத்து நாற்காலி, எல்லாவற்றையும் கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டு வரும் என்று மனதில் ஒரு மூலை காத்திருந்தது.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"பரீட்ச பதுளையில. ஆயம்மா ஏழு மணிக்குத்தான் வரும். புள்ளய ஆறே காலு பஸ்ஸுக்கு அனுப்பிட்டு, சின்னக்குட்டிய வச்சுக்கிட்டு நா காம்பரா வாசல்ல உக்காந்திருந்தேன். எட்டு நாளு. எட்டு நாளும் பெரட்டுக்குப் பிந்தி அரைப் பேரு. கங்காணி வஞ்சாரு, தொற மொறச்சாரு. நா யாருகிட்டயும் கத சொல்லல." லட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "ஒங்களுக்கு மேச போச்சு, எனக்கு எட்டு அரைப் பேரு போச்சு. டீ ஆறுது டீச்சரம்மா, குடிங்க."

குடித்தேன்.